பாடு யாருடையது?

தமிழில் அருள் – 14

காஞ்சிபுரத்தை அடுத்த கூரத்தை வரலாற்று மாணவர்கள் ஒரு செப்பேட்டால் அறிவார்கள். பல்லவன் முதலாம் பரமேசுவரவர்மன் 7ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வெளியிட்ட அந்தச் சாசனம், வடமொழியும் தமிழுமாக, ஊர்ச் சிவன் கோயிலுக்கு விட்ட நிலத்தைப் பங்கு பிரிக்கிறது. மண்டபத்தில் பாரதம் வாசிப்பவருக்கும் அதில் ஒரு பங்கு உண்டு. வைணவர்களோ இதே ஊரை ஒரு மனிதரால் அறிவார்கள். ஸ்ரீவத்ஸாங்கர் என்ற பெயரில் இங்கே பிறந்து, இராமாநுசருக்குச் சீடராகி, கூரத்தாழ்வான் என்று நிலைத்தவர் அவர். தை மாத அஸ்தம் அவருடைய திருநட்சத்திரம். ஆழ்வார்களும் நாயன்மார்களும் அருள் என்ற சொல்லை எப்படி ஆண்டார்கள் என்று இதுவரை பார்த்து வந்தோம். அதே சொல்லைக் கிறிஸ்தவம் எடுத்துக்கொண்டபோது என்ன ஆயிற்று என்பதை இந்த இதழில் பார்க்கலாம். அதற்குக் கூரத்துக்கு ஏன் வரவேண்டும்? இந்தப் பொருளைப் பற்றி நெடுங்காலமாக இரண்டு பேச்சுகள் நடந்து வருகின்றன. இந்நாட்டுச் சமயங்களில் வினை உண்டு, அருள் இல்லை. அருளைக் கொண்டு வந்ததே சிலுவைதான் என்பது பழைய மிஷனரி நூல்கள் சிலவற்றின் பேச்சு. எல்லாம் நம்மிடம் முன்பே இருக்கிறது, சிலுவை சொல்லும் புதுச் செய்தி ஒன்றுமில்லை என்பது அதற்கு எழுந்த மறுப்பு. கூரத்தாழ்வானின் கதையை அருகில் வைத்துப் பார்த்தால் இரண்டுமே நிற்கவில்லை.

கதையைக் குருபரம்பரை நூல்கள் சொல்கிறபடி சுருக்கிச் சொல்கிறேன். ஆழ்வான் பெருஞ்செல்வர். இரவில் அவர் மாளிகைக் கதவு சாத்தும் ஓசை காஞ்சி வரதர் கோயில் வரை கேட்டதாம். பெருந்தேவித் தாயாரே அது என்ன ஓசை என்று விசாரித்தாள் என்று கேட்டு வெட்கி, எல்லாவற்றையும் வழங்கிவிட்டு மனைவி ஆண்டாளுடன் திருவரங்கம் போனார். பின்னொரு நாள், சிவனுக்கு மேல் தெய்வமில்லை என்று கையெழுத்திட வரும்படி சோழ மன்னன் இராமாநுசருக்கு ஆள் அனுப்பினான். ஆழ்வான் ஆசிரியரின் காவியை வாங்கி உடுத்துக்கொண்டு, தாமே இராமாநுசர் என்று சேவகர்களுடன் நடந்தார். முதியவரான பெரிய நம்பியும் கூடப் போனார். இராமாநுசர் ஆழ்வானின் வெள்ளாடையில் மேற்கே தப்பி, மேல்கோட்டை சேர்ந்தார். அரசவையில் நீட்டப்பட்ட ஓலையில், சிவம் என்பதற்குக் குருணி என்ற அளவுப் பொருளும் இருப்பதைப் பிடித்துக்கொண்டு, பதக்கு அதனினும் பெரிதாயிற்றே என்ற பொருள்பட ஆழ்வான் சிலேடையாக எழுதினார். விளைவு, இருவரும் கண்ணிழந்தார்கள். பெரிய நம்பி திரும்பும் வழியிலேயே உயிர்விட்டார். இதற்கெல்லாம் அரசனைத் தூண்டியவன் நாலூரான் என்கிறது மரபு. ஆண்டுகள் கழித்து இராமாநுசர் திரும்பி வந்து, காஞ்சி வரதரிடம் கண்ணைக் கேட்டுப் பெறும்படி ஆழ்வானைப் பணித்தார். ஆழ்வான் வரதராஜஸ்தவம் பாடி நின்றார். வரம் கேட்கும் நேரத்தில், தமக்குக் கிடைக்கும் பேறு நாலூரானுக்கும் கிடைக்கவேண்டும் என்று கேட்டார்.

இதை நடந்தது நடந்தபடி என்று எவ்வளவு தூரம் கொள்வது? கதையைச் சொல்லும் நூல்கள் நிகழ்ச்சிக்குப் பின்னர் எழுந்தவை. அந்தச் சோழன் முதலாம் குலோத்துங்கனா, தில்லைக் கோவிந்தராசரை அகற்றியவனாகச் சொல்லப்படும் இரண்டாம் குலோத்துங்கனா என்பதில் ஆய்வாளர்களிடையே ஒத்த கருத்து இல்லை. அரசனை அந்த நூல்கள் கிருமிகண்டன் என்று மட்டுமே வசையாகப் பெயரிட்டுச் செல்வதே கோபத்தின் சூட்டைக் காட்டுகிறது. ஒரு சமயப் பிரிவு தன் நினைவில் இன்னொன்றின் மீது போட்ட வழக்கை அப்படியே தீர்ப்பாக எழுதிவிட முடியாது. நமக்கு இங்கே தேவைப்படுவது அதைவிடக் குறைவானது. ஒருவன் இன்னொருவனுக்கு வரவேண்டிய துன்பத்தைத் தன் உடம்பில் வாங்கிக்கொள்ளலாம், துன்பம் தந்தவனுக்கே தன் பேற்றில் பங்கு கேட்கலாம் என்பது காஞ்சிப் பகுதியின் வைணவ வீடுகளில் தலைமுறை தலைமுறையாகப் போற்றிச் சொல்லப்பட்டு வந்திருக்கிறது. அந்த அளவு உறுதியானது. வாதத்துக்கு அது போதும்.

இப்போது கூரத்திலிருந்து கிழக்கே, பரங்கிமலைக்கு வருவோம். 1547இல் போர்ச்சுகீசியர் மலையுச்சியில் தேவாலயம் கட்டத் தோண்டியபோது ஒரு கல் கிடைத்தது. அரைவட்ட வளைவுக்குள் சிலுவை, சுற்றிலும் பாரசீகத்துப் பஹ்லவி எழுத்து. இன்றும் அந்த மலைக்கோயிலின் பீடத்தில் அது இருக்கிறது. எழுத்தமைதியைக் கொண்டு அதைப் பெரும்பாலும் 8ஆம் நூற்றாண்டை ஒட்டியதாக வைக்கிறார்கள். கூரத்துச் செப்பேட்டுக்கு அதிக இடைவெளி இல்லை. வாசகத்தைப் படிப்பதில் அறிஞர்கள் ஒருமனப்படவில்லை என்றாலும், பரவலாக ஏற்கப்பட்ட வாசிப்பு, இதைச் செதுக்கிய சிரியனுக்கு மேசியாவாகிய ஆண்டவர் இரங்கவேண்டும் என்று வேண்டுவதாகவே கொள்கிறது. அந்த வாசிப்பு சரியானால், தமிழ் மண்ணில் நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய சிலுவையிலேயே சிலுவையும் இரக்கமும் ஒரே கல்லில் இருக்கின்றன. ஆனால் இன்னொன்றையும் கவனிக்கவேண்டும். அந்தச் சிலுவையில் உடல் இல்லை. நுனிகள் மொட்டுவிட்டு, அடியில் இலைகள் விரிய, அது கொலைக்கருவி போலவே தோன்றவில்லை; துளிர்த்த மரம் போல இருக்கிறது.

இது கீழைத்திருச்சபையின் விசித்திரம் மட்டும் அன்று. ரோமானியப் பேரரசில் சிலுவை அடிமைகளுக்கும் கலகக்காரர்களுக்கும் உரிய தண்டனை. நாகரிகமானவர் வாயெடுத்துச் சொல்லக் கூசிய சாவு. போந்தியு பிலாத்து யூதேயாவை ஆண்ட கி.பி. 26க்கும் 36க்கும் இடையில் இயேசு அப்படிக் கொல்லப்பட்டார் என்பதைக் கிறிஸ்தவர்களை விரும்பாத ரோமானிய வரலாற்றாசிரியர் டாசிட்டஸும் எழுதிவைத்திருக்கிறார். சிலுவையின் செய்தி யூதருக்கு இடறல், கிரேக்கருக்குப் பைத்தியக்காரத்தனம் என்ற கருத்தைப் பவுல் ஒளிக்காமல் எழுதினார். அந்தக் கூச்சம் எவ்வளவு ஆழமானது என்றால், சிலுவையில் தொங்கும் உடலைக் கிறிஸ்தவர்கள் தங்கள் கோயிலில் செதுக்கத் துணிய நானூறு ஆண்டுகள் ஆயின. ரோமில் சாந்தா சபீனா கோயிலின் மரக்கதவில் 5ஆம் நூற்றாண்டில் செதுக்கியது மிகப் பழையவற்றுள் ஒன்று. சிலுவையை ஏற்க இந்தியர்களுக்கு மட்டும் மனம் வரவில்லை என்று 19ஆம் நூற்றாண்டில் குறைபட்டுக்கொண்டவர்கள் இதை மறந்துவிட்டார்கள்.

தமிழ்ச் சொற்களும் சிரியர் வழி வந்தது, போர்ச்சுகீசியர் வழி வந்தது என்ற இரண்டு வரவுகளைத் தனித்தனியே நினைவில் வைத்திருக்கின்றன. சிலுவை என்ற சொல் ஐரோப்பாவிலிருந்து வரவில்லை. ஸ்லீபா என்ற சிரியச் சொல் கேரளக் கரை வழியாக நம்மிடம் வந்து உருமாறியது. போர்ச்சுகீசியர் கொண்டுவந்த குரூஸ் தான் குருசு. தென்கோடியில் தெருமுனைச் சிலுவைக் கோயிலை இன்றும் குருசடி என்கிறார்கள். அருளுக்குத் தேடிய சொற்கள் இன்னும் சுவையானவை. கத்தோலிக்கர் பழைய செபங்களில் பிரியதத்தம் என்றார்கள், அதாவது பிரியமாகக் கொடுக்கப்பட்டது. ஞானோபதேசத்தில் வரப்பிரசாதம், தேவ இஷ்டப்பிரசாதம் என்றார்கள். சீர்திருத்தத் திருச்சபையார் கிருபை என்ற சொல்லில் நிலைகொண்டார்கள். இன்று கத்தோலிக்கர் அருள் என்கிறார்கள். பிரசாதமாகட்டும், கிருபையாகட்டும், அருளாகட்டும், ஒவ்வொன்றும் கோயிலிலும் மடத்திலும் முன்பே புழங்கியது. இங்கே அப்படி ஒரு கருத்தே இல்லாதிருந்தால் சொல்லை வெளியிலிருந்து இறக்குமதி செய்திருப்பார்கள், சிலுவையைச் செய்தது போல. சிலுவைக்குத் தமிழில் சொல் இல்லை, அருளுக்கு நான்கைந்து இருந்தன. இதைவிடத் தெளிவான சான்றை நான் எதிர்பார்க்கவில்லை.

அருளைப் பற்றிக் காஞ்சியிலும் அரங்கத்திலும் நடந்த வாதங்களின் நுட்பத்தைச் சென்ற இரண்டு இதழ்களில் பார்த்தோம். குட்டி தாயைப் பற்றிக்கொள்ளவேண்டிய குரங்கின் வழியா, தாயே குட்டியைக் கவ்விச் செல்லும் பூனையின் வழியா என்று வடகலையும் தென்கலையும் கேட்ட கேள்வியை, அகஸ்டின் 5ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெலேஜியசிடம் வேறு சொற்களில் கேட்டார். காஞ்சித் தூப்புலில் 1268இல் பிறந்த வேதாந்த தேசிகர், அருளுக்கு மனிதன் பக்கத்தில் ஒரு வியாஜமாவது வேண்டும் என்றார்; பிள்ளை லோகாசாரியர் வழியினர் அந்தச் சாக்கும் வேண்டாம், கிருபைக்குக் காரணமே இல்லை என்றார்கள். மனித சித்தம் அருளுடன் ஒத்துழைக்கிறது என்று டிரெண்டு பொதுச்சங்கம் 1547இல் தீர்மானித்தபோது அது ஏறக்குறைய தேசிகர் பக்கம் நின்றது. லூதரை எங்கே நிறுத்துவது என்று வாசகர்களே சொல்லிவிடுவார்கள். ஜெர்மானிய அறிஞர் ருடால்ஃப் ஓட்டோ இந்த ஒற்றுமையில் வியந்து 1930இல் ஒரு நூலே எழுதினார். அதோடு அவர் ஒன்றைக் குறித்தார். இரண்டு சமயங்களிலும் அருள் இருக்கிறது, ஆனால் அவை சுழலும் அச்சு வேறு. ஒன்று பிறவிக்கட்டிலிருந்து விடுதலையைச் சுற்றுகிறது, மற்றது குற்றத்திலிருந்து மன்னிப்பைச் சுற்றுகிறது. பெரும்பாலும் சரி என்றாலும் இது முழுவதும் சரியில்லை. நாலூரான் கதையின் அச்சு குற்றமும் மன்னிப்பும்தானே? பிறவிக்கட்டு அங்கே பின்னணியில்தான் இருக்கிறது.

ஆக, வேறுபாட்டை வேறிடத்தில் தேடவேண்டும். அதற்குக் காஞ்சி மரபு கிறிஸ்தவத்தின் முன் வைக்கக்கூடிய மிகக் கூர்மையான மறுப்பே வழிகாட்டுகிறது. வரதர் கேட்டவுடன் கொடுத்தார். நாலூரானின் பாவத்துக்கு யாரும் விலை கட்டவில்லை, யாரும் சாகவில்லை. எல்லாப் பாவத்திலிருந்தும் விடுவிப்பேன் என்று கீதையில் கண்ணன் சொல்வதும் ஒரு சொல்லால்தான். மன்னிக்கச் சித்தமுள்ள கடவுளுக்கு இரத்தம் எதற்கு? பெற்ற பிள்ளையைப் பலி வாங்கினால்தான் மனம் இரங்குவேன் என்பது அருளா? இதை அயலார் கேள்வி என்று தள்ள முடியாது. கிறிஸ்தவர்களே தங்களுக்குள் கேட்டுக்கொண்ட கேள்வி. மரபுக் கணக்கில் இராமாநுசர் வாழ்ந்த அதே காலத்தில், 1098இல், ஆன்செல்ம் தம் நூலில் ஒரு விடை எழுதி முடித்தார். பாவம் கடவுளின் மாட்சிக்கு இழைத்த கடன், அதைத் தீர்க்கவேண்டியவன் மனிதன், தீர்க்க வல்லவர் கடவுள் மட்டுமே, ஆகவே கடவுள் மனிதரானார் என்பது அவர் கணக்கு. அடுத்த தலைமுறையில் அபெலார்டு அதை மறுத்தார்: சிலுவை ஒரு கடன்தீர்ப்பு இல்லை, மனிதனின் கல்நெஞ்சை உருக்கும் அன்பின் வெளிப்பாடு என்றார். ஆன்செல்மின் விடையில் நிலப்பிரபுவின் கணக்குப்பிள்ளை வாடை வீசுகிறது என்ற குறை பழையது. எனக்கும் அது உண்டு. அபெலார்டின் விடை இனிமையானது. ஆனால் யாரையும் காப்பாற்றாத ஒரு சாவு எப்படி அன்பைக் காட்டும் என்ற கேள்விக்கு அது பதில் சொல்வதில்லை. ஆழ்வானின் கண்கள் அன்பைக் காட்டுகின்றன என்றால், அந்தக் கண்களால் இராமாநுசர் உண்மையில் தப்பினார் என்பதால்தான்.

மன்னிப்புக்கு விலை வேண்டாம் என்பதும் வைணவத்தின் முழுப் பேச்சு அன்று. பெருமாளிடம் நீதியும் உண்டு, கிருபையும் உண்டு. தண்டிக்கும் உரிமை கிருபையை மேலிட்டுவிடக்கூடும் என்று ஆசாரியர்கள் உண்மையாகவே அஞ்சினார்கள். அந்த அச்சத்துக்கு அவர்கள் கண்ட விடை தாயார். குற்றவாளிக்காக அவள் பரிந்து பேசிப் பெருமாளின் மனத்தைத் திருப்புவதைப் புருஷகாரம் என்றார்கள். கூரத்துக் கதவோசையைக் கேட்டு விசாரித்தவள் பெருந்தேவி என்பது இந்த இடத்தில் தற்செயலாகத் தோன்றவில்லை. நீதியும் இரக்கமும் கடவுளுக்குள்ளேயே மோதுகின்றன என்பதை இரண்டு மரபுகளும் கண்டன. ஒன்று அந்த மோதலைத் திருமார்பில் நடக்கும் ஒரு பேச்சில் தீர்த்தது. மற்றது கல்வாரியில், ஆணியடித்த உடம்பில் தீர்த்தது. பிள்ளையைப் பலி வாங்கிய தகப்பன் என்ற குற்றச்சாட்டு, சிலுவையில் இருப்பவர் கடவுளுக்கு வெளியே உள்ள மூன்றாம் ஆள் என்று வைத்துக்கொண்டால் நியாயமானதே. பல உபதேசிமார் அப்படித்தான் விளக்கியும் வந்திருக்கிறார்கள். கிறிஸ்தவக் கோட்பாடு சொல்வதோ, அடியை வாங்குபவரும் கடவுளே என்பது. விலை கேட்டவர் தாமே கட்டுகிறார் என்றால் அதற்குப் பலி என்று பெயரிடுவது எளிதன்று.

அப்படியானால் துன்பப்படும் கடவுள் நமக்குப் புதியவரா என்று சைவர் கேட்பார். ஆலகாலம் உண்டு கண்டம் கறுத்தவர் யாருக்காக உண்டார்? வந்தியின் உதிர்ந்த பிட்டுக்காக மண் சுமந்து பாண்டியனின் பிரம்படி பட்டவர் யார்? கேள்வி வலிமையானது. மதுரைக் கதை உலகச் சமய இலக்கியத்தில் அதிகம் காணக் கிடைக்காதது. கூலியாளாக வந்து முதுகில் அடி வாங்கும் கடவுள் என்ற துணிச்சல் லேசானதில்லை. ஆனால் கதை எப்படி முடிகிறது என்று பாருங்கள். அந்த அடி பாண்டியன் மீதும் அவன் தேவியர் மீதும் எல்லா உயிர்கள் மீதும் விழுந்தது. கடவுள் எல்லாவற்றிலும் நிறைந்தவர் என்பதை அடி காட்டிக்கொடுத்தது. கூலியாள் மறைந்தார், இறைவன் வெளிப்பட்டார். சிலுவைக் கதை திசை மாறி நடக்கிறது. அங்கே எல்லோர் மீதும் விழவேண்டிய அடி ஒருவர் மீது விழுகிறது. அவர் மறையவில்லை, இறங்கி வா என்று கூட்டம் கேலி செய்தும் இறங்கவில்லை, செத்துப்போனார். நஞ்சு கண்டத்தில் நின்றது, இங்கே நெஞ்சுக்குள் இறங்கியது என்றும் சொல்லலாம். எது மேல் என்று தீர்ப்புச் சொல்வது என் வேலையில்லை. இரண்டும் ஒன்றே என்று சொன்னால் இரண்டு கதைகளையும் கவனமாகக் கேட்கவில்லை என்று ஆகும்.

இனி கூரத்தாழ்வானையும் கல்வாரியையும் நேராகச் சேர்த்துப் பார்க்கலாம். சிலுவையில் அறைந்தவர்களை மன்னிக்கும்படி இயேசு வேண்டியதும், நாலூரானுக்காக ஆழ்வான் வேண்டியதும் நம்பமுடியாத அளவு ஒத்தவை. ஆழ்வான் ஒரு படி மேலே போய்த் தம் பேற்றிலேயே பங்கு கேட்டார் என்று ஒரு வைணவர் சொன்னால் மறுக்க எனக்கு வாதம் இல்லை. வேறுபாடு பாடு படுபவர் எந்தப் பக்கம் நிற்கிறார் என்பதில் இருக்கிறது. கூரத்தில் சீடன் ஆசாரியனுக்காகப் பாடுபட்டான், கடவுள் அருளினார். பாடு மனிதனுடையது, அருள் கடவுளுடையது. கல்வாரியில் இரண்டும் ஒருவரிடமே சேர்கின்றன. அதோடு, ஆழ்வான் கண் கொடுத்தது வணக்கத்துக்குரிய ஓர் ஆசாரியருக்கு. நல்லவனுக்காக ஒருவேளை யாராவது சாகத் துணியலாம், பாவிகளுக்காகச் சாவதுதான் வியப்பு என்ற வாதத்தைப் பவுல் ரோமருக்கு எழுதிய கடிதத்தில் வளர்த்தது இந்த வேறுபாட்டை வைத்தே. இங்கேதான் தமிழ்க் கிறிஸ்தவம் தன் பங்காக ஒரு காரியம் செய்தது. உழைப்புக்கும் வேதனைக்கும் பொதுவான பாடு என்ற வீட்டுச் சொல்லை எடுத்துக் கடவுளுக்குச் சூட்டியது: திருப்பாடுகள், பாடுபட்ட சுரூபம். நாள் முழுக்கப் பாடுபட்டுக் கூலி வாங்குகிற ஒருத்தி அந்தச் சுரூபத்தின் பெயரைச் சொல்லும்போது, அவளுக்கு உரை தேவைப்படுவதில்லை.

படித்தவர்களில் இதை முதலில் முழுதாக உணர்ந்தவர் ஒரு வைணவ வீட்டுப் பிள்ளை என்பது பொருத்தம். 1827இல் திருநெல்வேலிக் கரையிருப்பில் பிறந்து, கம்பனில் ஊறி வளர்ந்து, 1858இல் திருமுழுக்குப் பெற்ற எச். ஏ. கிருஷ்ணபிள்ளை, ஜான் பனியனின் ஆங்கில நூலைத் தழுவி இரட்சணிய யாத்திரிகம் பாடினார், 1894இல் வெளிவந்தது. பனியனிடம் சிலுவை ஒரு சிறு காட்சி: பயணி அதன் முன் வருகிறான், முதுகுச் சுமை கழன்று உருண்டு போகிறது, நடக்கிறான். கிருஷ்ணபிள்ளைக்கு அது போதவில்லை. மூலத்தில் இல்லாத ஒரு படலத்தையே சேர்த்து, விசாரணையிலிருந்து மரணம் வரை இயேசுவின் பாடுகளை விரித்தார். பாரகாவியம் பாடுபவர் வருணனைக்கு இடம் தேடுவார் என்று சொல்லி இதைத் தாண்டிவிடலாம். எனக்கு அது போதுமான விளக்கமாகத் தோன்றவில்லை. அருளைப் பற்றி அவருக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை, தாய்ப்பாலோடு வந்தது. அவருக்குப் புதிதாக இருந்தது பாடு. புதிதாக இருந்த இடத்தில் அவர் நின்று பாடினார்.

பின்வந்தவர்கள் ஒரே வழியில் போகவில்லை. பாளையங்கோட்டையில் பிறந்து பின்னாளில் கோயம்புத்தூர்ப் பேராயரான ஏ. ஜே. அப்பாசாமி, 1927இல் கிறிஸ்தவத்தைப் பக்தி மார்க்கமாகவே விளக்கினார்; பதிலாளாகத் தண்டனை ஏற்றார் என்ற விளக்கம் அவருக்கு ஒவ்வவில்லை, அபெலார்டின் பக்கமே சாய்ந்தார். சென்னையின் மேயராகவும் தொழிற்சங்கத் தலைவராகவும் இருந்த வெங்கல் சக்கரை, சிலுவையும் இந்தியச் சிந்தனையும் பற்றி 1932இல் தனி நூல் எழுதி, சிலுவையை மையத்தை விட்டு நகர்த்த மறுத்தார். யாழ்ப்பாணப் பேராயர் சபாபதி குலேந்திரன் 1964இல் வெளியிட்ட ஒப்பாய்வு இருவரையும்விட நிதானமானது. சைவ, வைணவ நூல்களின் அருட்கொள்கையை மதிப்போடு படித்து, ஒரே சொல் என்பதால் ஒரே பொருள் என்று கொள்ளக்கூடாது என்று எச்சரிப்பது. இந்த ஒப்பீடே மதமாற்றத்துக்கு விரிக்கும் பாய் என்று சிலர் ஐயப்படுவதுண்டு. ஒப்பிடுபவர்களில் அப்படிப்பட்டவர்களும் இருந்தார்கள். ஆனால் இந்த நூல்களைப் படித்து முடிக்கும் வைணவர் தம் ஆழ்வானை இன்னும் கூர்மையாகப் பார்ப்பார் என்றே நினைக்கிறேன்.

ஒரு கடைசிச் செய்தி. ஆழ்வான் வரதரிடம் தமக்கென்று பார்வை கேட்காமல் வந்ததில் இராமாநுசருக்கு வருத்தம். பெருமாளையும் ஆசாரியனையும் மட்டும் காணும் அளவுக்குப் பிறகு கண் கிடைத்ததாக மரபு சொல்லி ஆற்றிக்கொள்கிறது. சுவிசேஷத்தில் உயிர்த்தெழுந்தவரின் கைகளிலோ ஆணித் தழும்பு அப்படியே இருந்தது. தோமா விரலை இட்டுப் பார்க்க அழைக்கப்பட்டது அந்தத் தழும்பில்தான். அந்தத் தோமாவின் பெயரைத்தான் பரங்கிமலை தன் மீது ஏற்றிக்கொண்டிருக்கிறது. அந்த மலையின் கல்லில் மட்டும் உடலும் இல்லை, தழும்பும் இல்லை.

(தொடரும்)